பனி இறுக்கிய சுவர்

செங்கல்லைக் கட்டுவதற்கு முன் தண்ணீரில் ஊறப்போட வேண்டுமா கூடாதா என்று எனக்கும் ஒரு மேஸ்திரிக்கும் ஒரு மார்கழியில் தகராறு வந்தது. அவர் சொன்னதுதான் சரி. பிறகு நான் எழுதிக்கொடுத்த அறிக்கையில் தவறு அவருடையது என்று இருந்தது. இவ்வளவையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் வழக்கம்போலச் சுற்றி வளைத்துவிட்டுச் சொல்லாமலே எழுந்துபோய்விடுவேன்.

ஐம்பதுகளின் பிற்பகுதி அது. நான் பழனிக்காரன். அடிவாரத்தில் எங்களுக்குப் பூஜைச் சாமான் கடை. வீட்டில் முதலில் படித்தவன் என்பதால் நான் பேசினால் எல்லோரும் கேட்டுக்கொண்டிருப்பார்கள். அந்தப் பழக்கத்தோடுதான் ஓவர்சியர் வேலைக்குப் போனேன். கொடைக்கானலுக்கும் அப்பால் மேல்மலையில், பூண்டிக்கும் கவுஞ்சிக்கும் நடுவே இருந்த ஒரு சிற்றூரில் விதைக்கிடங்கு கட்டும் வேலையை என்னிடம் கொடுத்தார்கள். அந்த ஊர்க்காரர்கள் பூண்டும் உருளைக்கிழங்கும் போடுகிறவர்கள். விதைக்கிழங்கைப் பனியிலும் ஈரத்திலும் அழுகாமல் வைக்க ஒரு நல்ல கட்டடம் வேண்டும் என்று நெடுநாள் கேட்டு, அப்போதுதான் கிடைத்திருந்தது.

மேல்மலையில் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. கால்விரல்கள் எந்நேரமும் மரத்துக் கிடந்தன. மதியம் இரண்டு மணிக்கே மஞ்சு இறங்கி எதிரில் நிற்கிற ஆளை மறைத்துவிடும். ஒரு இடத்தில் பத்து நிமிடம் உட்கார முடியாமல் கையில் பிரம்பை வைத்துக்கொண்டு கட்டடத்தைச் சுற்றிச் சுற்றி வருவேன். தைப்பூசத்துக்கு ஊருக்குப் போக வேண்டும் என்பது ஒன்றுதான் மனசில். வருஷம் முழுவதும் கடைக்கு நடக்கிற வியாபாரம் அந்தச் சில நாட்களில் நடக்கும். அப்பாவுக்கு முழங்கால் வலி. கிடங்கைப் பொங்கலுக்குள் முடித்தால் விடுப்பு, முடிக்காவிட்டால் இல்லை என்று மேலதிகாரி சொல்லியிருந்தார். அதனால் எந்தச் சுவர் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று நான் பார்க்கிற ஒவ்வொரு முறையும் பழனிக்கு இன்னும் எவ்வளவு தூரம் என்றுதான் பார்த்தேன்.

மேஸ்திரிக்கு அய்யம்பாளையம் சொந்த ஊர். கொடைக்கானல் பங்களாக்களில் பத்துப் பன்னிரண்டு வருஷம் வேலை செய்தவர். கணப்பு அடுப்பும் சிம்னியும் கட்டுவதில் பேர் வாங்கியவர். புகை அறைக்குள் திரும்பாமல் மேலே போகும்படி சிம்னியின் கழுத்தை ஒடுக்கிக் கட்டுவது எல்லாக் கொத்தனாருக்கும் வராது என்பார்கள். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். நான் அவரை ‘நீ’ என்றுதான் அழைத்தேன். அவர் மனைவியும் கூடவே சித்தாள் வேலை செய்தார். சுண்ணாம்புக் கலவை குழைப்பதும் சுமப்பதும் அவர்தான். வாய் ஓயாத பெண்.

அந்தக் கிடங்கு மேஸ்திரிக்கு ஒரு பரீட்சை. அது எனக்குத் தெரியும். அரசாங்க வேலைகளை இடையில் ஒப்பந்தக்காரர் இல்லாமல் நேரடியாக எடுத்துச் செய்யத் தகுதியான மேஸ்திரிகளின் பட்டியல் ஒன்றை அப்போது எங்கள் அலுவலகம் தயாரித்துக்கொண்டிருந்தது. இந்த வேலை ஒழுங்காக முடிந்தால் அவர் பெயர் அதில் ஏறும். இனி யாரோ ஒருவருக்குக் கீழே கூலிக்கு நிற்க வேண்டாம். “என் பேருல ஒரு வேலை, சார். ஒண்ணே ஒண்ணு வந்தாப் போதும், அப்புறம் கட்டடமே பேசிக்கும்” என்று என்னிடம் இரண்டு முறையாவது சொல்லியிருக்கிறார்.

அவர் வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது மட்டும் என் கால்கள் சும்மா இருந்தன. முதலில் இரண்டு மூலைகளையும் எழுப்பிக்கொள்வார். மூலைக்கு மூலை நூல் கட்டுவார். நூலைத் தொடாமல், ஆனால் அதன் ஓரத்தை உரசுகிற மாதிரி கல்லை வைப்பார். கீழ்வரியில் இரண்டு கல் சேரும் இடத்துக்கு நேர் மேலே அடுத்த வரியின் முழுக்கல்லின் வயிறு வரும். மூட்டுக்கு மேல் மூட்டு வந்தால் சுவர் மேலிருந்து கீழே கிழிந்துவிடும். ஒவ்வொரு கல்லையும் வைத்ததும் கலவை பூசுகிற கரணையின் கைப்பிடியால் ஒரு தட்டு. அந்தச் சத்தத்தை வைத்தே அடியில் கலவை நிறைந்திருக்கிறதா என்று சொல்லிவிடுவார். சத்தம் பொக்கென்று இருந்தால் கல்லை எடுத்துவிட்டு மறுபடி போடுவார். நான்கு வரிக்கு ஒரு தரம் சுவர் நேராக நிற்கிறதா என்று தூக்குக்குண்டு விட்டுப் பார்ப்பார்.

ஆனால் அந்த நாலு வரிதான் என் உயிரை எடுத்தது. மார்கழி பிறந்ததும் ஒரு நாளைக்கு நாலு வரிக்கு மேல் கட்ட மாட்டேன் என்றுவிட்டார். காலையில் வெயில் சுவரில் விழுந்து சூடேறிய பிறகுதான் கரணையை எடுப்பார். உச்சி தாண்டியதும் அதைக் கழுவி வைத்துவிடுவார். அன்று கட்டிய சுவரின் மேல் பெரணித் தழையைப் பரப்பி, அதற்கு மேல் கோணிச்சாக்கைப் போர்த்திவிட்டுத்தான் போவார்.

“கல்லுக்கெல்லாம் கம்பளி போத்திவிடுறாரு பாருங்க சார்” என்பார் அவர் மனைவி. “கட்டிக்கிட்டு வந்து ஒம்பது வருசம் ஆச்சு, எனக்கு ஒரு ஸ்வெட்டர் உண்டா கேளுங்க.”

“நீ என்ன, ராத்திரி முச்சூடும் வெளியிலயா நிக்கப்போற?” என்பார் மேஸ்திரி, நூலிலிருந்து கண்ணை எடுக்காமல்.

செங்கல் வத்தலக்குண்டுப் பக்கத்துக் காளவாசலிலிருந்து லாரியில் கொடைக்கானல் வந்து, அங்கிருந்து பொதிக்குதிரைகளில் மேல்மலைக்கு வரும். வந்த கல்லின் மேல் அவர் ஒரு கைத் தண்ணீரைத் தெளித்துத் தூசியைக் கழுவுவார். அவ்வளவுதான். நான் படித்த பாடமோ வேறு. தண்ணீருக்குள் போட்ட செங்கல்லிலிருந்து குமிழி வருவது அடங்கும்வரை ஊறவிட வேண்டும். ஊறாத கல் கலவையின் ஈரத்தை உறிஞ்சிவிடும். கலவை பலம் பிடிக்காமல் உதிரும். இதற்கு நான் தேர்வில் பதில் எழுதி முழு மதிப்பெண் வாங்கியவன்.

அவரிடம் சொன்னேன். அவர் பொறுமையாகத்தான் பதில் சொன்னார்.

“கீழ கட்டுறப்ப நானும் ஊறப்போட்டுத்தாங்க சார் கட்டுவேன். அங்க வெயிலு. இங்க மார்கழியில கல்லு வயிறுமுட்டத் தண்ணி குடிச்சிருந்தா கலவையில உள்ள தண்ணி எங்க போகும்? கஞ்சியாவே கெடக்கும். ராத்திரி பனி அதைப் பிடிச்சிரும். கல்லு கொஞ்சம் தாகத்தோட இருக்கணும்ங்க.”

“புத்தகம் எழுதினவன் எல்லாம் முட்டாளா?”

“அவரு இங்க வந்து ஒரு மார்கழி இருந்தாரான்னு தெரியலைங்களே.”

சுற்றி நின்ற ஊர்க்காரர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்கு உள்ளே போய்த் தைத்தது. அன்று அங்கிருந்து நகர்ந்துவிட்டேன். ஆனால் அன்றிலிருந்து அந்த விஷயம் கல்லைப் பற்றியதாக இல்லை.

சுவர்கள் ஏறி முடிந்தன. மேற்குப் பக்கத்துக் கோம்பைச் சுவரும் முடிந்தது. கோம்பைச் சுவர் என்பது கூரைச்சரிவைத் தாங்க முக்கோணமாக எழுப்புகிற பக்கச் சுவர். கிழக்குக் கோம்பை மட்டும் பாக்கி. இரண்டு கோம்பைகளின் உச்சியிலும் முகட்டு மரத்தை ஏற்றிவிட்டால் தகரம் போடுவது இரண்டு நாள் வேலை. மேஸ்திரி கணக்கில் கிழக்குக் கோம்பைக்கு இன்னும் நாலைந்து நாள். அப்போதுதான் மேலதிகாரியிடமிருந்து ஆள் வந்தான். அவர் சொன்ன நாளுக்கு முன்னதாகவே, நாளை மறுநாள் பார்வையிட வருகிறாராம். முகட்டு மரம் ஏறியிருக்க வேண்டுமாம்.

மறுநாள் விடிந்ததும் கிடங்குக்குப் பக்கத்தில் இருந்த குழியில் தண்ணீர் நிரப்பச் சொல்லி, நானே நின்று செங்கல்லை அள்ளிப் போடவைத்தேன். மேஸ்திரி வந்து பார்த்தார்.

“என்னங்க சார் இது?”

“இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள கிழக்குக் கோம்பை முடியணும். உச்சிவரைக்கும். முறைப்படி ஊறின கல்லுல.”

“ஒரே நாள்ல அத்தனை வரியா? ஈரக் கல்லுல அடிவரியே நழுவுமுங்க சார்.”

“மேற்க போயி பாரு, அந்தக் கோம்பை நிக்கலையா? இதுவும் நிக்கும்.”

“அது நாலு நாலு வரியா ஏறினது, சார்.”

அப்போது நான் அதைச் சொன்னேன். “உன் பேரு லிஸ்ட்ல ஏறணுமா வேண்டாமா? நான் எழுதினாத்தான் ஏறும்.”

அவர் குழியைப் பார்த்தார். குமிழிகள் வந்துகொண்டிருந்தன. அவர் மனைவி ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். மேஸ்திரி கையைக் காட்டி நிறுத்தினார். “சரிங்க சார்” என்று சொல்லிவிட்டு நூலைக் கட்டப் போனார்.

அன்று அவர் கட்டியதைப் போல் அழகாக யாரும் கட்டி நான் பார்த்ததில்லை. ஈரக்கல் கையில் வழுக்கியது. ஒவ்வொன்றையும் வைத்துவிட்டு அது அசையாமல் நிற்கிறதா என்று ஒரு கணம் உள்ளங்கையால் பிடித்துக்கொண்டார். மஞ்சு இறங்கிய பிறகும் கட்டினார். பொழுது சாயும்போது உச்சிக்கல் ஏறிவிட்டது. தழையும் சாக்கும் எடுக்கப் போனவரை நான்தான் தடுத்தேன். காலையில் அதையெல்லாம் கழற்றி எடுத்துக்கொண்டிருக்க நேரம் இல்லை, வெள்ளனே மரம் ஏற வேண்டும் என்றேன். அவர் கரணையைக் கழுவப் போனார்.

மறுநாள் காலை ஊரே வெள்ளையாக இருந்தது. பூண்டு வயல், கூரை, குதிரைச் சாணம் எல்லாவற்றின் மேலும் உறைபனி. கிழக்குக் கோம்பை நேராக, சிறு பிசகும் இல்லாமல் நின்றது. என் பிரம்பால் ஒரு மூட்டில் தட்டினேன். கணீரென்று இருந்தது. இன்னொரு மூட்டில் தட்டினேன். கருங்கல்லில் தட்டின மாதிரி. ஒரே ராத்திரியில் சுண்ணாம்பு இப்படி இறுகுமா என்று கேட்கத் தோன்றவில்லை. சுண்ணாம்புக் கலவை இறுக வாரக்கணக்கில் ஆகும் என்பதற்கும் நான் தேர்வில் பதில் எழுதியிருக்கிறேன்.

“பாரு” என்றேன். “கஞ்சியாக் கெடக்கும்னியே. தட்டிப்பாரு.”

மேஸ்திரி தட்டவில்லை. கரணையின் முனையை மூட்டில் வைத்து நெம்பினார். சின்னச் சில்லு ஒன்று கண்ணாடி மாதிரி தெறித்து வந்தது. அதைக் கையில் வைத்து மூடிக்கொண்டார். கொஞ்சம் கழித்து விரித்துக் காட்டினார். உள்ளங்கையில் சாம்பல் நிறத்தில் தண்ணீர்.

“சுண்ணாம்பு இறுகலைங்க சார். தண்ணிதான் இறுகியிருக்கு. வெயில் ஏறட்டும். என்ன ஆகுதுன்னு பாத்துட்டு மரத்தை ஏத்துவோம்.”

அவர் கையைப் பார்த்தேன். அந்தத் தண்ணீரைப் பார்த்தேன். எனக்குப் புரிந்தது. புரியவில்லை என்று இத்தனை வருஷம் என்னை நானே நம்பவைக்கப் பார்த்திருக்கிறேன், முடியவில்லை. புரிந்துதான் சொன்னேன்: “மரத்தைத் தூக்கச் சொல்லு.”

ஊர்க்காரர்கள் எட்டுப் பேர் சாரத்தின் மேல் ஏறி முகட்டு மரத்தை இரண்டு கோம்பைகளிலும் ஏற்றி உட்காரவைத்தார்கள். கிழக்குச் சுவர் அசையவே இல்லை. நான் கீழே நின்று சுற்றிச் சுற்றி வந்தேன். பிறகு எதிர்ச்சரிவுக்கு மேலே வெயில் வந்தது. முதலில் அந்தச் சுவரில்தான் விழுந்தது.

மூட்டுகளிலிருந்து நீர் கசிய ஆரம்பித்தது. சுவர் வியர்க்கிற மாதிரி இருந்தது. அதன் நடுவயிறு கொஞ்சம் வெளியே தள்ளியிருக்கிறதா, என் கண்தான் அப்படிப் பார்க்கிறதா என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே மேஸ்திரி கத்தினார். “ஏலே, எறங்குங்கடா! வெரசா எறங்குங்க! புள்ளே, அங்கிட்டு ஓடு!”

மேலே இருந்தவர்கள் உள்பக்கமாகக் குதித்துவிட்டார்கள். சுவர் வெளிப்பக்கமாகச் சரிந்தது. பெரிய சத்தம்கூட இல்லை, ஈரமான சத்தம். மரம் பின்னால் வந்தது. சுவரடியில் கலவைத் தொட்டியைக் கழுவிக்கொண்டிருந்த மேஸ்திரியின் மனைவி எழுந்து ஓடினார். ஆனால் முழுதாக ஓட முடியவில்லை. மரத்தின் முனை அவர் வலது கணுக்காலில் விழுந்தது.

அவர் அழவில்லை. “கால் இருக்கா பாருங்க, கால் இருக்கா பாருங்க” என்று மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தார். கம்பளியைக் கம்பில் கட்டித் தூளியாக்கி, நாலு பேர் மாற்றி மாற்றிச் சுமந்து கொடைக்கானல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். மேஸ்திரியும் கூடப் போனார். போகும்போது சரிந்து கிடந்த செங்கல்லைத் தாண்டித்தான் போக வேண்டியிருந்தது. அவர் அதைப் பார்க்கவில்லை. என்னையும் பார்க்கவில்லை.

அதனால் அன்று மத்தியானம் மேலதிகாரி வந்தபோது மேஸ்திரி அங்கே இல்லை.

“எப்படி விழுந்தது?” என்று கேட்டார் அதிகாரி.

நான் வாயைத் திறப்பதற்குள் ஊர்ப் பெரிய விவசாயி ஒருவர் முன்னால் வந்தார். “மேஸ்திரி வேண்டாம்னாருங்க சாமி. ஓவர்சியருதான் கல்லை ஊறப்போடச் சொன்னாரு. நாங்க அம்புட்டுப் பேரும் பாத்துக்கிட்டுத்தான் இருந்தோம்.”

அதிகாரி என் பக்கம் திரும்பினார்.

“ஊறப்போடுவதுதானே முறை, சார்” என்றேன்.

“ஆமாம், அதுதான் முறை” என்றார் அவர். அவரும் என்னைப்போலச் சமவெளிக்காரர். அவர் படித்ததும் நான் படித்த அதே பாடம். “அப்படியென்றால் விழுந்ததற்கு வேறு காரணம் இருக்க வேண்டும் இல்லையா?”

என் தவறை ஒருவர் என் முன்னாலேயே போட்டு உடைத்தார். அது எனக்குச் சாதகமாகப் போனது. நான் அங்கேயே நிறுத்தியிருக்கலாம். காரணம் தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். “கலவையில் மணல் அதிகம், சார். சுண்ணாம்பும் சரியாக நீறவில்லை” என்றேன். யாரும் என்னை அதைச் சொல்லச் சொல்லவில்லை. “எழுதிக் கொடு” என்றார். எழுதிக் கொடுத்தேன். என் கையெழுத்து அப்போது நன்றாக இருக்கும்.

மேஸ்திரி பெயர் பட்டியலில் ஏறவில்லை. அதோடு நிற்கவும் இல்லை. அரசாங்கச் சுவர் ஒரே ராத்திரியில் விழுந்த கதை கொடைக்கானல் முழுவதும் பரவியது. பங்களாக்காரர்களும் சிம்னி வேலைக்கு வேறு ஆளைக் கூப்பிட ஆரம்பித்தார்கள். இரண்டு வாரம் கழித்து அவர் அலுவலகத்துக்கு வந்தார். என் மேஜைக்கு எதிரே நின்றார்.

“சார், கலவைன்னு எழுதியிருக்காம்ல. அந்தக் கலவையத்தானே மேற்குச் சுவத்துக்கும் போட்டேன்? அது நிக்குதுல்ல? நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதுங்க சார்.”

“பார்க்கலாம்” என்றேன். வேறு ஏதோ காகிதத்தை எடுத்தேன். அவர் திரும்பிப் போனார். மறுநாள் நான் தைப்பூசத்துக்கு ஊருக்குப் போனேன். வேலை முடியாவிட்டாலும் விடுப்புக் கிடைத்தது. கடையில் நிற்க முடியவில்லை. கூட்டம் வந்தால் பின்வாசல் வழியாக எழுந்து போய்விடுவேன். “மலைக்குப் போயி ரொம்பத்தான் மாறிட்டே” என்றார் அப்பா.

அறுபதுகளின் நடுவில், எனக்கு ஒரு பதவி உயர்வு வந்து இன்னொன்றை எதிர்பார்த்துக்கொண்டிருந்த சமயம், வத்தலக்குண்டில் வேலையாகப் போனவன் திடீரென்று அய்யம்பாளையம் பஸ்ஸில் ஏறினேன். விசாரித்துக் கண்டுபிடித்தேன். ஒரு தோட்டத்தில் மாட்டுக்கொட்டகைக்குச் சுவர் கட்டிக்கொண்டிருந்தார். வேறொரு மேஸ்திரிக்குக் கீழே கூலிக்கு. அவர் மனைவி கலவை சுமந்துகொண்டு வந்தார். வலது காலை இழுத்து வைத்து வந்தார். என்னை அடையாளம் கண்டு தட்டைக் கீழே இறக்கினார்.

நான் ஏற்கெனவே மனசுக்குள் சொல்லிப் பார்த்து வந்ததையெல்லாம் சொன்னேன். கலவையில் குறை இல்லை, நான் பொய் எழுதினேன், தெரிந்தே எழுதினேன் என்று. அவர் கல் வைப்பதை நிறுத்தவில்லை.

“எனக்குத் தெரியாததையா சார் சொல்றீங்க? நான் அங்கனதானே நின்னேன்.”

“மனசு கேக்கலை, மேஸ்திரி. அதான் நேர்ல சொல்லிட்டுப் போகலாம்னு…”

“எங்கிட்டச் சொல்றதுக்கு ஒரு பஸ்ஸு ஏறி வரணுமா? கேக்க வேண்டியவரு ஆபீஸ்ல உக்காந்திருக்காரு. அவருகிட்டச் சொல்லுங்க. அங்க சொன்னா எனக்கு நாளைக்கே சோலி மாறும். இங்க சொன்னா உங்களுக்குத்தான் ராத்திரி தூக்கம் வரும்.” கரணையால் கல்லை ஒரு தட்டுத் தட்டினார். “கொஞ்சம் தள்ளி நில்லுங்க சார், நூலு மறைக்குது.”

“டீ குடிக்கிறீங்களா சார்?” என்று கேட்டார் அவர் மனைவி.

“சாருக்கு பஸ்ஸு போயிரும்” என்றார் மேஸ்திரி.

திரும்பி வந்து அன்றே கடிதம் எழுத உட்கார்ந்தேன். அந்த மேலதிகாரி அப்போதும் பணியில்தான் இருந்தார். இன்னும் பெரிய நாற்காலியில். என் உயர்வுக்கு அவர் கையெழுத்து வேண்டும். கடிதத்தை முழுதாக எழுதி, உறையில் போட்டு, ஒட்டி, தபால் தலையும் ஒட்டினேன். ஒன்பது நாள் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். தபால் பெட்டியைத் தாண்டும்போதெல்லாம் நாளைக்கு என்றேன். பத்தாம் நாள் உயர்வு உத்தரவு வந்தது. அதன் பிறகு அனுப்பினால் நன்றி கெட்டவன் ஆவேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு கிழித்துப் போட்டேன். அந்தச் சாக்கை நான் ஒரு மணி நேரம்கூட நம்பவில்லை.

மேஸ்திரி போய்ச் சொல்லச் சொன்ன ஆபீஸ் இப்போது இல்லை. அந்த அதிகாரி இல்லை. நான் எழுதிய அறிக்கை எந்தக் கோப்போடு கட்டப்பட்டு எங்கே மக்கியது என்று தெரியாது. இதை இப்போது எழுதுவதால் அவருக்கு ஒரு வேலையும் வரப்போவதில்லை. அவர் சொன்னபடியே இதனால் நன்மை எனக்கு மட்டும்தான். அதுவும் வரவில்லை. இன்றைக்கும் ஒரு இடத்தில் பத்து நிமிடம் உட்கார முடிவதில்லை. இதை எழுதி முடிப்பதற்குள் ஆறு முறை எழுந்து நடந்துவிட்டேன். ஆனாலும் இருக்கட்டும். மணல் சரியான அளவில்தான் இருந்தது. சுண்ணாம்பு நன்றாக நீறியிருந்தது. கல்லை ஊறப்போட்டவன் நான், போர்த்த விடாதவன் நான், மரத்தை ஏற்றச் சொன்னவன் நான்.